நாற்பது மில்லி

அந்த வீட்டில் ஒன்பது நாளாகப் பேச்சே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மாடியில் வாடகைக்கு இருந்தவன் நான், எனக்குத் தெரியும். பேச்சு தாராளமாக இருந்தது. சோற்றுப் பானையிடம் பேசினார்கள், கதவிடம் பேசினார்கள், தெருவில் போகிற நாயிடம்கூடப் பேசினார்கள். புருஷனும் பெண்டாட்டியும் ஒருவர் முகத்தைப் பார்த்து ஒருவர் பேசவில்லை, அவ்வளவுதான்.

கீழே மூன்று பேர். அவன் எங்கள் கம்பெனியில் மில்லிங் மெஷின் ஓட்டுகிறவன். அவள் அதே கம்பெனியில் அளவு பார்க்கிறவள். சிவப்பு மையில் தப்புப் போட்டு ரிப்போர்ட் எழுதுவதால் எல்லோரும் அவளுக்கு டீச்சர் என்று பேர் வைத்திருந்தோம். மூன்றாவது ஆள் அவனுடைய அக்கா. முன்னறையில் தையல் மெஷினும், துணி வெட்டுகிற ஒரு பெரிய மேஜையும் போட்டிருந்தாள். சாப்பாட்டு நேரத்தில் அந்த மேஜையில்தான் துணியை ஒதுக்கிவிட்டுச் சாப்பிடுவார்கள். நான் டெஸ்பாட்ச். பீஸைப் பெட்டியில் அடுக்கி, ஆணி அடித்து, லாரியில் ஏற்றுவது என் வேலை. ஆக, வீட்டிலும் கம்பெனியிலும் இவர்கள் சண்டை என் காதில் விழாமல் தப்ப வழியே கிடையாது. தப்ப நான் பெரிதாக முயற்சி செய்ததும் இல்லை.

சண்டைக்குக் காரணம் நாற்பத்தெட்டு அலுமினியத் தகடு. ஒவ்வொன்றும் அரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான நீளம், இரண்டு விரல் கனம், பன்னிரண்டு ஓட்டை. ராப்பகலாக ஷிஃப்ட் பார்த்து அவன் செய்தது. அவள் அளந்தாள். நாற்பத்தெட்டையும் ரிஜெக்ட் என்று எழுதிவிட்டாள்.

அவள் அளக்கிற ரூமைப் பற்றிச் சொல்ல வேண்டும். கம்பெனிக்குள் அது ஒரு குளிர் தேசம். வெளியே தார் உருகினாலும் உள்ளே இருபது டிகிரி. அவள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் உள்ளே போவாள். நடுவில் ஒரு கருங்கல் மேடை. அதன்மேல் பாலம் மாதிரி ஒரு மெஷின் முன்னும் பின்னும் ஓடும். பாலத்திலிருந்து தொங்கும் குச்சியின் நுனியில் கடுகளவு சிவப்புக் கல் குண்டு இருக்கும். அது பீஸைத் தொட்டால் டிக் என்று சத்தம் வரும், தொட்ட இடம் கம்ப்யூட்டரில் ஏறிவிடும்.

பீஸை மேடையில் எப்படி வைத்தாலும் அந்த மெஷினுக்குக் கவலையில்லை. ஆனால் எது முகம், எது பக்கம், எது முனை என்று முதலில் அதற்குச் சொல்லிக்கொடுத்தாக வேண்டும். முகத்தில் நாலு இடம் தொட வேண்டும், நீளப் பக்கத்தில் இரண்டு இடம், குறுகிய முனையில் ஓரிடம். நீளப் பக்கத்து இரண்டு புள்ளியை வைத்துத்தான் பீஸ் எந்தத் திசையில் படுத்திருக்கிறது என்று அது முடிவு கட்டும். அதற்கப்புறம் எடுக்கிற அளவெல்லாம் அந்த முடிவை நம்பித்தான். இதெல்லாம் அவள் எனக்குப் பிற்பாடு சொன்னது. அப்போது அந்த ரூமைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். கதவைத் திறந்து வைத்தால் திட்டு விழும்.

அவள் ரிப்போர்ட்டின்படி, முதல் முனைப் பக்கத்து ஓட்டைகளில் குறையில்லை. போகப் போக விலகி, கடைசி இரண்டு ஓட்டையும் ஒரு மில்லியில் பத்தில் ஒரு பங்கு ஒதுங்கியிருந்தன. அதில் பாதிக்குத்தான் அனுமதி. மேனேஜர் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு மில்லிங் பக்கம் வந்தபோது நானும் அங்கே இருந்தேன்.

"வைஸ் கோணலா இருந்திருக்கு. டயல் ஓட்டிப் பாக்காம கட்டியிருக்க" என்றார்.

பீஸைக் கடித்துப் பிடிக்கிற வைஸ் நேராக இருக்கிறதா என்று டயல் முள்ளை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும். டயல் ஓட்டவில்லை என்று ஒரு மில்லிங்காரனிடம் சொல்வதும், கை கழுவாமல் சமைத்தாய் என்று சமையல்காரனிடம் சொல்வதும் ஒன்று. அவன் முகம் கறுத்துவிட்டது. வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான். அவன் எதிர்த்துப் பேசாததை நான் அப்போது கவனித்தேன். அடக்கம் என்று நினைத்தேன். அவனுக்கும் அடக்கத்துக்கும் வெகுதூரம் என்பது எனக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"புருஷன்னுகூடப் பாக்காம எழுதியிருக்கா பாரு. வேலைன்னா அது வேல" என்று மேனேஜர் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார். அந்தப் பாராட்டு அவளுக்கு எவ்வளவு கெடுதல் செய்தது என்பது சாயங்காலம் வீட்டில் தெரிந்தது.

அன்றே அவனை அறுப்புப் பகுதிக்கு மாற்றினார்கள். இரும்புக் கம்பியையும் அலுமினியக் கட்டியையும் ரம்பத்தில் கொடுத்து அறுக்கிற இடம். புதிதாக வருகிறவர்களை நிற்க வைக்கிற இடம். பதினோரு வருஷம் அவன் ஓட்டிய மில்லிங் மெஷினை இன்னொரு ஷிஃப்ட்காரனுக்கு அடுத்த வாரம் கழிந்து வரும் திங்கட்கிழமை முதல் எழுதிக்கொடுத்துவிடுவதாகப் பேச்சு. பெட்டியைப் பிரித்து அந்த மெஷினை இறக்கின நாளிலிருந்து அவன்தான் அதற்கு எண்ணெய் விடுகிறவன். துடைக்கிற துணியைக்கூட வேறு மெஷினுக்குத் தரமாட்டான், வீட்டுக்குக் கொண்டுவந்து துவைப்பான்.

இதைவிடக் கேவலம் ஒன்றும் இருந்தது. எங்கள் கம்பெனியில் ரிஜெக்ட் ஆன பீஸை அப்படியே தூக்கிப் போடமாட்டார்கள். நல்ல பீஸோடு கலந்துவிடும் என்று ரம்பத்தில் இரண்டாக அறுத்துவிட்டுத்தான் பழைய சாமானில் சேர்ப்பார்கள். அடுத்த வாரச் சனிக்கிழமை காலை நாற்பத்தெட்டையும் அறுக்க வேண்டும். அறுக்க வேண்டியவன் அவன்.

முதல் நாள் சாயங்காலமே அக்கா ஆரம்பித்துவிட்டாள். நான் படியேறிக்கொண்டிருந்தேன். தையல் மெஷின் சத்தத்துக்கு மேலே அவள் குரல் வந்தது.

"ஏம்மா, நாப்பத்தெட்டையுமா? ஒண்ணு ரெண்டு சரின்னு எழுதினா உன் மெஷின் கோவிச்சுக்குமா?"

"இருக்கிறதத்தான் அண்ணி எழுத முடியும்."

"இருக்கிறத எழுதுறவளப் பாத்ததில்லையாக்கும் நான். தைக்குற துணியில அர இஞ்சு கொறஞ்சா மடிப்பப் பிரிச்சுக் குடுக்குறோம். ஊர்ல எல்லாரும் அப்படித்தான் பொழைக்கிறாங்க."

"அது துணி."

"ஆமாம்மா, இது துணி. நாங்க துணிக்காரங்க. நீ கல்லுமேடைக்காரி. ஸ்வெட்டர் போட்டு உக்காந்துக்கிட்டு ஆளோட பொழப்ப அளக்குறவ."

அவன் கை கழுவிக்கொண்டிருந்தான். ரம்பத்தில் ஊற்றுகிற எண்ணெய்த் தண்ணீர் நாற்றம் சோப்புக்குப் போகவில்லை போல, திரும்பத் திரும்பக் கழுவினான். "விடுக்கா. மகாராணி தீர்ப்பு சொல்லியாச்சு" என்றான். அதுதான் அவன் அவளைப் பற்றிச் சொன்ன கடைசி நேர் வார்த்தை. அதற்கப்புறம் எல்லாம் பானைக்கும் கதவுக்கும்தான்.

நானும் சும்மா இருக்கவில்லை. கேன்டீனில் டீ குடிக்கும்போது, "அவங்க வீட்ல இப்ப தோசக்கரண்டியக்கூட அளந்துதான் எடுத்து வைக்கிறாங்களாம்" என்று ஒரு ஜோக் அடித்தேன். சிரிப்பு வந்தது. அந்த ஜோக் மத்தியானத்துக்குள் அளவு ரூம் வரைக்கும் போய்விட்டது. மறுநாள் அவள் என்னைக் கடந்து போகையில், "நல்லா இருக்கீங்களா அண்ணே" என்று கேட்டாள். அந்த விசாரிப்பிலேயே நான் அரையாளாகிவிட்டேன்.

அறுப்புக்கு முதல் நாள், வெள்ளிக்கிழமை, மழை பிடித்துக்கொண்டது. சாயங்காலம் ஆறு மணிக்கே கரண்ட் போய், தையல் மெஷின் நின்றுவிட்டது. அந்தச் சத்தம் இல்லாவிட்டால் கீழே தட்டு நகர்வதுகூட மாடிக்குக் கேட்கும். அவள் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அவன் மேஜையில் உட்கார்ந்து அக்காவிடம் பேசிக்கொண்டிருந்தான். அக்காவிடம் என்றாலும் குரல் சமையலறைக்குத்தான்.

"நாளைக்கு அறுக்கணும். என் கையாலயே."

"சாப்பிடுடா. முட்ட ஆறுது."

"என்னத்தச் சாப்பிட? ரம்பத்துக்காரன்னு பேராயிடுச்சு. கேன்டீன்ல டீ ஊத்துறவன் கேக்குறான், 'புது எடம் எப்படி இருக்கு'ன்னு. பதினோரு வருஷமா அவனுக்கு நான் யாருன்னு தெரியாதா?"

"உன்ன யாரு மாட்டிவிட்டாங்களோ அவங்களுக்குக் கேக்கட்டும்."

"வைஸ் கோணலாம். கேட்டுக்கோக்கா. பக்கத்தச் சீவி அடிச்சது எந்தக் கட்டுல? ஓட்ட போட்டது எந்தக் கட்டுல? ரெண்டும் ஒரே கட்டு. ஒருதடவ வைஸ்ல பீஸக் கட்டினா, பக்கத்தையும் அடிச்சு, ஓட்டையும் போட்டு முடிச்சுட்டுத்தான் கழட்டுவேன். வைஸ் கோணலா இருந்தா பக்கமும் சேந்துதானே கோணும்? ஓட்ட மட்டும் தனியாக் கோணிக்க அதுக்கென்ன பிடிவாதமா?"

"எனக்கு என்னடா தெரியும் இதெல்லாம்."

"உனக்குத் தெரியாது. தெரிய வேண்டியவங்க தண்ணியத் திறந்துவிட்டுக் கழுவிக்கிட்டு இருக்காங்க."

தண்ணீர்ச் சத்தம் நின்றது. "மெஷின் என்ன சொல்லுச்சோ அதத்தான் எழுதினேன்" என்று அவள் குரல் வந்தது. ஒன்பது நாளில் அவனுக்கு அவள் நேராகச் சொன்ன முதல் பதில் அது.

"மெஷினுக்கு யாரு சொன்னா?" என்றான் அவன்.

அக்கா, "அப்படிக் கேளு" என்றாள். பிறகு வசவு வந்தது. அவள் வீட்டை இழுத்தான், அவள் படிப்பை இழுத்தான், கல்யாணத்தன்று அவள் அப்பா லேட்டாக வந்ததைக்கூட இழுத்தான். நான் ரேடியோவைத் தேடினேன், கரண்ட் இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. அவன் கட்டு கட்டு என்று சொன்னதன் அர்த்தம் எனக்கு அப்போது விளங்கவில்லை. அவ்வளவு வசவுக்கு நடுவில் சொன்னால் யாருக்குத்தான் விளங்கும்? அவளுக்கு விளங்கியிருக்கிறது.

சனிக்கிழமை காலை அவள் குடையை மறந்துவிட்டுப் போயிருந்தாள். நான் எட்டு மணிக்கு டெஸ்பாட்ச் கதவைத் திறக்கும்போது தலை நனைந்து நின்றுகொண்டிருந்தாள்.

"அந்த நாப்பத்தெட்டுல ஒண்ணு வேணும் அண்ணே."

"சிவப்பு சீல் போட்டாச்சும்மா. நேத்து சாயங்காலமே பெட்டி அறுப்புப் பக்கம் போயிடுச்சு."

"ஒண்ணுகூட இல்லியா?"

"நீங்கதான அத்தனையையும் ரிஜெக்ட் பண்ணீங்க. இப்ப என்ன, பிரிவு தாங்கலியா?"

என் வாய்க்கு அறிவு கிடையாது. அவள் ஸ்வெட்டரைக் கையில் சுருட்டிக்கொண்டு மழையிலேயே அறுப்புக் கொட்டகைக்கு ஓடினாள். பெட்டிக்குப் பொறுப்பு நான் என்பதால் நானும் பின்னால் போனேன். வேடிக்கை பார்க்கவும்தான் போனேன், மறைக்கவில்லை.

ரம்பம் ஓடிக்கொண்டிருந்தது. பட்டை ரம்பம், கீழ்முகமாக ஓடிக்கொண்டே இருக்கும். பால் மாதிரி எண்ணெய்த் தண்ணீர் அதன்மேல் வழியும். அவன் ஒரு பீஸை அறுத்து முடித்து, இரண்டு பாதியையும் கீழே தள்ளிவிட்டு, அடுத்ததை எடுத்து வைத்துக்கொண்டிருந்தான்.

"நிறுத்துங்க" என்றாள்.

அவன் திரும்பவில்லை. "யாரோ பேசுறாங்க" என்று என்னிடம் சொன்னான்.

"ரம்பத்த நிறுத்துங்க. எனக்கு ஒரு பீஸ் அளக்கணும்."

"ரிஜெக்ட் ஆன சாமான். இதுல அளக்க என்ன இருக்கு? மேனேஜர் சொன்னா நிறுத்துறேன். இல்ல, டெஸ்பாட்ச்சு சொல்லட்டும். வேற யாரு சொல்லியும் நான் கேக்குறதா இல்ல."

சொல்லிக்கொண்டே பீஸை ரம்பத்தில் தள்ளப் போனான். தான் செய்த நல்ல பீஸ் என்று நேற்றுச் சாயங்காலம் கத்தினவன்தான். அவள் கேட்டுவிட்டாள் என்பதற்காகவே அதை அறுக்கத் துணிந்தான். மனுஷன் கோபத்தில் தன் கையைத் தானே வெட்டிக்கொள்வான் என்று நான் கேள்விப்பட்டிருக்கிறேன், அன்றுதான் பார்த்தேன். அவள் கையை நீட்டி, ரம்பத்துக்கு ஒரு சாண் முன்னால் அந்தப் பீஸைப் பற்றி இழுத்துவிட்டாள். அவன் பதறி ஸ்விட்ச்சை அமுக்கினான்.

"கை போயிருக்கும்டி" என்றான்.

அவள் பீஸை ஸ்வெட்டரில் சுற்றிக்கொண்டு போய்விட்டாள். அவன் ரம்பத்தை மறுபடி ஓட்டவில்லை. பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டான். நான் கீழே கிடந்த இரண்டு பாதியையும் எடுத்து ஓரமாக வைத்தேன். அதில் பொறித்திருந்த வரிசை எண் பதினேழு. எனக்குக் கொஞ்சம் வினோதமாக இருந்தது. அந்தப் பெட்டியை அடுக்கியவன் நான். ஒன்று முதல் பன்னிரண்டு மேலடுக்கு, பதினேழு இரண்டாவது அடுக்கில் நடுவில் கிடக்கும். மேலே இருந்த பன்னிரண்டையும் இறக்கி வைத்துவிட்டு அதை முதலில் எடுத்திருக்கிறான். அவனிடம் கேட்கலாமா என்று பார்த்தேன். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

அரைமணி நேரத்தில் அளவு ரூமிலிருந்து எனக்கும் மேனேஜருக்கும் ஆள் வந்தது. உள்ளே போனதும் எனக்குப் பல் கிட்டியது. அவள் ஈரத் தலையோடு நின்றிருந்தாள்.

"நாப்பத்தெட்டும் நல்ல பீஸா இருக்கும்னு நெனைக்கிறேன் சார். ப்ரோகிராம் தப்பு. நான் போட்ட ப்ரோகிராம்."

மேனேஜர் சிரித்தார். "இதத்தான் எதிர்பாத்தேன். வீட்ல ஒன்பது நாள் தாங்கலியா?"

"இல்ல சார்."

"புருஷன் மெஷின் போவுதுன்னதும் கம்பெனி மெஷின் தப்பாயிடுச்சு. அன்னைக்கு உன்னப் புகழ்ந்தேன் பாரு, என்னச் சொல்லணும்."

"மெஷின் சரியாத்தான் இருக்கு. நான்தான் தப்பு. நீங்க பாருங்க."

பீஸின் நீளப் பக்கத்தைக் காட்டினாள். வழக்கமாக அந்தப் பக்கத்தில் இந்த முனைக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி, அந்த முனைக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி தொடுவாளாம். இந்தத் தடவை பீஸைப் பிடிக்கிற கிளாம்ப் தூரத்து முனையில் வந்து உட்கார்ந்துவிட்டது. குச்சி அதில் மோதி நுனி உடைந்தால் வேறு நுனி வர ஒரு மாதம் ஆகும். கிளாம்பை மாற்றிக் கட்டச் சோம்பல்பட்டு, இரண்டாவது புள்ளியை இந்த முனைக்கே தள்ளி வைத்துவிட்டாள். இரண்டு புள்ளிக்கும் நடுவில் நாற்பது மில்லி. அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்து மறந்துவிட்டாள்.

"அதனால என்ன? கோடு கோடுதான" என்றார் மேனேஜர்.

"மொதப் புள்ளி இருக்கிற எடத்துலதான் சார் மில்லிங் கட்டர் அந்தப் பக்கத்தச் சீவ எறங்குது. எறங்குற எடத்துல ஒரு தழும்பு இருக்கு. நகத்துக்குக்கூடத் தட்டாது. பத்து மைக்ரான், ஒரு மில்லில நூறுல ஒரு பங்கு. அதால பீஸுக்கு ஒரு கெடுதலும் இல்ல. ஆனா நான் அந்தக் குழியில ஒரு புள்ளி, மேட்டுல ஒரு புள்ளி வச்சுத் தெச எடுத்துட்டேன். நாப்பது மில்லில பத்து மைக்ரான் திரும்பினா, நானூறு மில்லில நூறு மைக்ரான் திரும்பும். ஓட்ட வெலகல சார், நான் கோடு போட்ட தெசதான் வெலகிடுச்சு."

சொல்லிவிட்டு அளந்து காட்டினாள். பழையபடி அளந்தபோது கடைசி ஓட்டைகள் சிவப்பில் வந்தன. கிளாம்பைக் கழற்றி நடுவில் கட்டி, தழும்பைத் தாண்டி ஒரு புள்ளி, தூரத்து முனையில் ஒரு புள்ளி தொட்டு அளந்தாள். பன்னிரண்டும் பச்சை. மேனேஜர் இன்னொரு பீஸைக் கொண்டுவரச் சொன்னார். அதுவும் பச்சை. இன்னொன்று. மூன்றாவதும் பச்சையானதும் அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"எப்பத் தெரிஞ்சுது?"

"நேத்து. பக்கமும் ஓட்டையும் ஒரே கட்டுல அடிச்சதுன்னு கேட்டேன். அப்படின்னா வைஸ் கோணினாலும் இந்தத் தப்பு வராது."

"யாரு சொன்னா?"

"வீட்ல திட்டும்போது சொன்னாரு."

மேனேஜர் என்னைப் பார்த்தார், நான் கூரையைப் பார்த்தேன். அப்புறம் அவர் திட்ட ஆரம்பித்தார். நிறுத்த நிறையநேரம் ஆயிற்று. குளிர் ரூமில் அவருக்கு மட்டும் வேர்த்தது. முடிவில், திங்கட்கிழமை அவன் அவனுடைய மெஷினுக்கே போகலாம் என்றார். அவளுக்கு மெமோ. அதோடு, இனி எந்தப் பீஸுக்கு ப்ரோகிராம் போட்டாலும், எங்கெங்கே தொடப் போகிறாள் என்று காட்டி மில்லிங்காரனிடம் கையெழுத்து வாங்கிய பிறகுதான் ஓட்ட வேண்டும்.

"எந்த மில்லிங்காரர்கிட்ட சார்?" என்று கேட்டாள்.

"அடிச்சவன்கிட்ட" என்றார். தண்டனை கொடுக்கத் தெரிந்த மனுஷன்.

மத்தியானம் வரைக்கும் நாற்பத்தேழையும் அளந்தாள். நாற்பத்தேழும் சரி. மிச்சமிருந்த ஒன்று அறுந்து கிடந்தது, அதை யாரும் கேட்கவில்லை. நான் புதுப் பெட்டியில் அடுக்கி ஆணி அடித்துக்கொண்டிருந்தபோது அவள் கொட்டகைப் பக்கம் போய், ஓரமாக வைத்திருந்த பாதிகளில் ஒன்றை எடுத்துவந்தாள். மறுபடி ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அரை நாள் ஷிஃப்ட். மூன்று மணிக்கு நான் வீட்டுக்கு வந்தபோது கீழே கொண்டாட்டமாக இருந்தது. அக்கா மீன் வறுத்திருந்தாள். "மாடிக்காரரே, வாங்க, ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க" என்று என்னையும் பிடித்து உட்கார வைத்தாள். அவன் துவைத்த சட்டை போட்டு மேஜைத் தலையில் உட்கார்ந்திருந்தான்.

"நாப்பத்தேழும் ஓகே. கேட்டியாக்கா? நாப்பத்தேழும்."

"வந்ததுலருந்து எத்தனவாட்டிடா கேக்குறது? மீன எடு."

"டயல் ஓட்டலியாம். யாரப் பாத்து? மேனேஜர் வந்து கையப் புடிச்சு 'மனசுல வச்சுக்காத'ங்குறாரு. நான் ஒண்ணும் சொல்லல. பேசாம நின்னேன். இனி அவங்க ப்ரோகிராமுக்கு நான் கையெழுத்துப் போடணுமாம். வரட்டும். நாலு நாள் அலைய விடுறேன்."

"மெஷின் பொய் சொல்லாதுன்னு நின்னாளே" என்றாள் அக்கா. "இப்ப மொகத்த எங்க கொண்டு வைப்பாளாம்?"

அவள் அப்போதுதான் உள்ளே வந்தாள். நேராக மேஜைக்கு வந்தாள். சாப்பாட்டுப் பையைத் திறந்து, ஸ்வெட்டரில் சுற்றியிருந்ததை எடுத்து, அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். அறுபட்ட பாதித் தகடு. ஓரத்தில் பதினேழு என்று பொறித்திருந்தது.

"நாப்பத்தேழு என் தப்பு" என்றாள். "இது உங்க தப்பு."

அவன் கையில் இருந்த மீன் வாய்க்குப் போகவில்லை.

"அறுத்தது அறுத்ததுதான? அதுல என்னத்த அளந்த?" என்றான்.

"பாதியில பக்கமும் இருக்கு, ஓட்டையும் இருக்கு. தழும்ப விட்டுட்டு, பக்கத்துல ரெண்டு கோடியிலயும் தொட்டு அளந்தேன். முழு நீளத்துக்குக் கணக்குப் போட்டா எம்பது மைக்ரான் கோணியிருக்கு. என் பழைய ரிப்போர்ட்லயும் மத்ததெல்லாம் நூறு, இது மட்டும் நூத்தியெம்பது. அன்னைக்கே நான் ஏன்னு கேட்டிருக்கணும், கேக்கல. இப்பக் கேக்குறேன். பன்னெண்டு பீஸ எறக்கி வச்சிட்டு இத ஏன் மொதல்ல எடுத்து அறுத்தீங்க?"

அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று அவன் என்னைப் பார்த்தான். நான் மீனில் முள் பொறுக்கினேன். உண்மையில் நான் சொல்லவில்லை. கொட்டகைத் தரையில் பன்னிரண்டு பீஸும் வரிசையாகக் கிடந்ததை அவளும் பார்த்திருக்கிறாள்.

"என்னடா சொல்றா இவ?" என்றாள் அக்கா.

அவன் மீனைத் தட்டில் வைத்தான். வெளியே மழை வாசல் ஓட்டின்மேல் விழுந்துகொண்டிருந்தது.

"மரை போடுற டேப் ஒடஞ்சிடுச்சு" என்றான் கடைசியில். "ஓட்டைக்குள்ள மாட்டிக்கிச்சு. கழட்டி எடுத்துட்டு மறுபடி கட்டினேன்."

"டயல் ஓட்டுனீங்களா?"

"ஷிஃப்ட் முடியுற நேரம்."

"ஓட்டுனீங்களா?"

"இல்ல."

அந்த ஒரு சொல்லை அவன் மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். மேனேஜர் டயல் ஓட்டவில்லை என்றபோது அவன் வாயைத் திறந்து மூடிக்கொண்டது அப்போது எனக்கு விளங்கியது. எல்லாவற்றையும் மறுபடி அள என்று அவன் அன்றே கேட்டிருக்கலாம். கேட்டால் பதினேழு வெளியே வரும். அந்த ஒன்றுக்குப் பயந்து நாற்பத்தேழையும் விட்டுக்கொடுத்திருக்கிறான். விட்டுக்கொடுத்த எரிச்சலை ஒன்பது நாளாக அவள்மேல் கொட்டியிருக்கிறான். எனக்கு அவன்மேல் கோபமாக வந்தது. மீனைத் தின்றுகொண்டு கோபப்படுவது சிரமம் என்பதால் தட்டைத் தள்ளி வைத்தேன்.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்" என்றாள்.

"சொன்னா எழுதியிருப்ப."

"எழுதியிருப்பேன். ஒண்ணு போயிருக்கும். நாப்பத்தேழும் உங்க மெஷினும் தப்பிச்சிருக்கும்."

"மேனேஜர்கிட்ட சொல்லிட்டியா?"

"அறுத்ததுன்னு எழுதியிருக்கேன். அறுத்தது நெசம்தான? ஏன்னு கேட்டா சொல்லுவேன். இன்னும் கேக்கல."

அக்காவுக்கு யார் பக்கம் பேசுவது என்று தெரியவில்லை. ஒன்பது நாளாகத் தைத்த தையலை ஒரே இழுப்பில் பிரித்துவிட்டார்கள். "உங்க ரெண்டு பேரு தப்பையும் முடிச்சுட்டு மேஜைய விடுங்க, நான் துணி வெட்டணும்" என்று சத்தம் போட்டுவிட்டு, அவளுக்கும் ஒரு தட்டை எடுத்து டொக்கென்று வைத்தாள். பெரிய மீனாகப் பார்த்துத்தான் வைத்தாள்.

அவள் உட்கார்ந்தாள். இருவரும் சாப்பிடவில்லை. அவன் கையைச் சட்டையில் துடைத்துவிட்டுப் பாதித் தகட்டை எடுத்தான். சாம்பல் நிறப் பக்கத்தைக் கட்டைவிரலால் முனையிலிருந்து மெதுவாகத் தடவிக்கொண்டே வந்தான். ஓரிடத்தில் விரல் நின்றது. இரண்டு தடவை அதே இடத்தைத் தேய்த்துப் பார்த்தான். பிறகு அக்காவின் துணிக்குறி போடுகிற சாக்குக்கட்டியை மேஜையிலிருந்து எடுத்து அவள் பக்கம் உருட்டிவிட்டான்.

"அன்னைக்கு எங்க தொட்ட?" என்றான்.

அவள் சாக்குக்கட்டியால் தகட்டின் பக்கத்தில் இரண்டு புள்ளி வைத்தாள். முதல் புள்ளி அவன் விரல் நின்ற இடத்திலேயே விழுந்தது.

"இங்கதான் கட்டர் எறங்கும். பதினோரு வருஷமா இங்கதான் எறக்குறேன். ஒரு வார்த்த எங்கிட்ட கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

"கேக்குற மாதிரி நீங்க எப்ப இருந்தீங்க?"

தகட்டை அவள் பக்கம் திருப்பி வைத்தான்.

"அடுத்த பீஸுக்கு எங்க தொடப்போற, காட்டு" என்றான்.